வெளிநாட்டுப் பயணம் வீட்டிலேயே தொடங்குகிறது



கொஞ்ச நாளைக்கு முன்னர் ஒரு மாலை, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, ஒரு தாயும் மகளும் நலன்புரி அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுப்பவர். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். வயது பத்தொன்பது. தாயின் கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இரண்டு படம்.

“ஐயா, புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பப் போறோம். பிறப்புச் சான்றிதழ்ல பேரு கொஞ்சம் வித்தியாசமா இருக்கு. ஏஜென்ட்டு சொல்றாரு, அது ஒண்ணும் பிரச்சினை இல்ல, பேரையும் வயசையும் நானே சரியாக்கித் தாரேன்னு. தோட்டத்துல இருந்து ஒரு கடிதாசி மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

அவர் கேட்ட கடிதம் என்னவென்றால், மகளுக்கு இருபத்திரண்டு வயது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாயும் கொடுத்திருக்கிறார். அதில் பாதி ஏற்கெனவே கடைக் கடனுக்கும் கூரைத் தகரத்துக்கும் போய்விட்டது.

நான் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அன்றைக்கு அவர்கள் இருவருக்கும் சொன்னதைத்தான் இந்த இதழில் எல்லோருக்கும் பாடமாக எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் புத்தளம் மாவட்டத்துக் கனமூலை. மதுரங்குளிப் பக்கத்துக் கரையோர ஊர். தென்னை மரமும் களப்பும் உப்புக் காற்றும் உள்ள இடம். தேயிலைச் செடி ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் எங்கள் ஊருக்கும் உங்கள் லயத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. வீட்டில் கஷ்டம் வந்தால் “வெளிநாட்டுக்குப் போனா என்ன?” என்ற பேச்சு இரண்டு இடத்திலும் வந்துவிடும். நான் சின்னப் பையனாக இருந்த காலத்திலேயே எங்கள் பக்கத்துப் பெண்கள் சவூதி, குவைத் என்று வீட்டு வேலைக்குப் போனார்கள். யார் நல்லபடியாக வீடு கட்டினார்கள், யார் அழுதுகொண்டு வந்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அதில் நான் கண்டது ஒன்றே ஒன்றுதான். தெரியாத நாட்டில் நமக்குத் துணை நிற்பது நம்முடைய கடதாசி. அந்தக் கடதாசி உண்மையாக இருந்தால் மட்டுமே அது துணை நிற்கும். பொய்யாக இருந்தால் அதுவே நமக்கு எதிரியாகிவிடும்.

போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போகிறவர்கள் சரியாகப் போக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாடம் 1: பெயர்

உங்கள் வீட்டிலுள்ள கடதாசிகளை இன்று இரவே எடுத்து விரித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘இலட்சுமி’, பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தில் ‘லக்சுமி’, தோட்டத்துச் செக்ரோலில் வேறொரு பெயர். நம் மக்களிடம் இது சாதாரணம். தோட்டத்தில் பிறந்த பிள்ளையைத் தோட்ட நிர்வாகத்தின் மூலமாகப் பதிவது பழைய வழக்கம். பெயரைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். எழுதியவருக்குப் பல நேரம் தமிழ் தெரியாது. சிலருக்குப் பெயருக்கான இடமே வெறுமையாக இருக்கும். சிலருக்குத் தகப்பன் பெயர் மாறியிருக்கும்.

இந்த வித்தியாசம் தோட்டத்துக்குள்ளே இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போதுதான் தெரியும். கடவுச்சீட்டில் உள்ள பெயர்தான் விசாவிலும், வேலை ஒப்பந்தத்திலும், விமான டிக்கட்டிலும், வங்கிக் கணக்கிலும் வரும். ஓர் எழுத்து மாறினாலும் அனுப்பிய பணத்தை எடுக்க முடியாமல் வங்கி வாசலில் நிற்க வேண்டி வரும்.

இதைத் திருத்த நேர்மையான வழி உண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் இருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்தவும், விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் அங்கே விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படாமல் இருந்தால் காலங்கடந்த பதிவு செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பதிவு, ஞானஸ்நானப் பத்திரம், தடுப்பூசி அட்டை, தோட்டத்து மருந்தகப் பதிவு என்று பழைய ஆதாரம் எதுவிருந்தாலும் எடுத்துப் போங்கள். ஒரு நடையில் முடியாது. இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். அரை நாள் பேர் விட்டுப் போகும். ஆனாலும் இது ஆயுளுக்கு ஒரு முறை செய்கிற வேலை.

கடதாசி இல்லாமல் பட்ட பாடு நம் மக்களுக்குப் புதிதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களில் பெரும்பாலோர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஒரே குடும்பத்தில் சிலர் இந்தியாவுக்கும் சிலர் இங்கேயுமாகப் பிரிந்தார்கள். மீதமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுத் தீர்வு வந்தது. உங்கள் பாட்டன் பாட்டியின் குடியுரிமைப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தால் அதைக் கறையான் தின்ன விடாதீர்கள். அதற்காக அவர்கள் காத்திருந்தது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல.

பாடம் 2: வயது

“மூணு வயசு கூட்டிப் போட்டா யாருக்குத் தெரியும்?” என்று அந்தத் தாய் கேட்டார். உங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்கே தெரியும் என்று சொன்னேன்.

புதிய அடையாள அட்டையில் 12 இலக்கம் இருக்கிறது. முதல் 4 இலக்கம் பிறந்த வருடம். அடுத்த 3 இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். உதாரணமாக, 2004ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி பிறந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மார்ச்சில் 3. கூட்டினால் 63. அதோடு 500 சேர்த்தால் 563. ஆகவே அவருடைய அட்டை 2004563 என்று தொடங்கும். இப்போது உங்கள் அட்டையை எடுத்துக் கணக்குப் பாருங்கள். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் வயதை மாற்ற ஒரே ஒரு பொய் போதாது. பிறப்புச் சான்றிதழிலும் பொய், அடையாள அட்டையிலும் பொய், கடவுச்சீட்டிலும் பொய் வேண்டும். பல நேரம் இதற்கு வேறொரு பெண்ணின் கடதாசியையே கொடுத்துவிடுகிறார்கள். அப்போது உங்கள் மகள் அங்கே வேறு யாரோ ஒருத்தி.

இதன் முடிவு எங்கே போகும் என்பதற்கு நாடே அறிந்த ஒரு கதை இருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005ஆம் ஆண்டு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று இருந்தது. அதாவது 17 வயதுப் பிள்ளை, கடதாசியில் 23 வயதுப் பெண். போய்ச் சில வாரத்திலேயே அவருடைய பொறுப்பில் விட்டிருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டினார்கள். பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்று அவர் பின்னர் சொன்னார். 2007இல் மரண தண்டனை தீர்ப்பானது. அவர் சிறு பிள்ளை என்று இங்கிருந்து எத்தனையோ பேர் மன்றாடினார்கள். அங்கே கையில் இருந்த கடவுச்சீட்டு வேறு கணக்குச் சொன்னது. 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு இங்கே வயதைக் கூட்டிக் கொடுத்தவர் எவரும் அன்றைக்கு அங்கே போய் நிற்கவில்லை.

2022ஆம் ஆண்டு மாற்றப்பட்ட விதியின்படி, வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆகக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் விதி உண்டு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையை விட்டுப் போக முடியாது. பெரிய பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் பார்ப்பார் என்று காட்ட வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறபடியால், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் 3: முன்பணம்

உங்கள் பூட்டன் பூட்டிமார் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தார்களே, அதுவும் ஒரு முதல் வெளிநாட்டுப் பயணம்தான். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களுக்குக் கங்காணி வந்தார். கையில் முன்பணம் கொடுத்தார். கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பின்னாளில் வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் வந்தார்கள். வழிச் செலவு, சோற்றுச் செலவு, கம்பளி எல்லாம் கடன் கணக்கில் ஏறியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் அழைத்துப் போகலாம் என்று எழுதிய சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். அந்த முறையை 1921இல் சட்டத்தால் ஒழித்தார்கள்.

இப்போது ஏஜென்ட் வீட்டுக்கு வந்து ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று மேசையில் வைத்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அது அன்பளிப்பு அல்ல. அங்குள்ள எஜமான் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி அது. அதை வாங்கிய பிறகு உங்கள் வாய் கட்டப்பட்டுவிடும். விசா பிழை என்று தெரிந்தாலும், மகள் பயந்து “நான் போகமாட்டேன்” என்று அழுதாலும், “அப்படியென்றால் காசைத் திருப்பிக் கொடு” என்பார்கள். அங்கே போன பிறகு வேலை தாங்க முடியவில்லை என்றாலும் அதே பேச்சுத்தான். துண்டுச் சீட்டு ஒழிந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம் வீட்டு வாசலில் அதை மறுபடியும் நாமே எழுதிக் கொடுக்கலாமா?

கட்டாயம் காசு கைமாறத்தான் வேண்டும் என்றால், எதற்காக, எவ்வளவு, போகாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் காசுக்கும் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுக்கிற ஆளிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

பாடம் 4: விசாவும் பணியகமும்

விசாவில் பல வகை உண்டு. நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று வேலை விசா. மற்றது சுற்றிப் பார்க்கப் போகும் விசிட் விசா. “முதல்ல விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் பத்திரிகையில் வந்த செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். இலங்கைப் பெண்கள் பலரைச் சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கும், அங்கிருந்து ஓமானுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். மஸ்கட்டில் பாதுகாப்பு இல்லத்தில் தஞ்சமடைந்த பெண்கள் ஊர் திரும்ப வழியின்றிக் காத்திருந்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்துச் சிலரைக் கைது செய்தது. படித்த பையன்களுக்கும் இதே கதி நடந்திருக்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியன்மாரில் மியாவடி என்ற இடத்துக்குக் கொண்டுபோய், இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலையில் அடைத்து வைத்தார்கள்.

நம் நாட்டில் இதற்கென்று இருப்பது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. வேலைக்குப் போகிறவர் புறப்படுவதற்கு முன் அங்கே பதிய வேண்டும். பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு. பிரச்சினை வந்தால் தூதரகம் உங்களைத் தேடிப் பிடிக்கப் பதிவில் விபரம் இருக்கும். பதியாமல் போனவரை யார் எங்கே தேடுவது?

எந்த முகவருக்கு உரிமம் இருக்கிறது என்ற பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் போனில் பார்த்துச் சொல்லும். அல்லது 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள். லயத்துக்கு வந்து பேசுகிறவர் பெரும்பாலும் உரிமம் உள்ளவர் அல்ல, அவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சப் ஏஜென்ட். “உங்க ஆபீஸ் பேரு என்ன, லைசன்ஸ் நம்பர் என்ன?” என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பாடம் 5: ஒப்பந்தமும் பிரதியும்

வேலை ஒப்பந்தத்தில் ஐந்து விடயம் இருக்கிறதா என்று பாருங்கள். எஜமானின் பெயரும் முகவரியும், சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக் காசில், எத்தனை வருடம், ஓய்வு நாள் என்ன. தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். குவைத்தில் 2015ஆம் ஆண்டும் கட்டாரில் 2017ஆம் ஆண்டும் வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அந்தச் சட்டங்களில் இருக்கிறது. சட்டம் இருப்பது தெரிந்தால்தானே கேட்க வாய் வரும்.

இப்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் இராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே வேலை செய்த இலங்கையர் பல்லாயிரம் பேர். உடுத்த உடுப்போடு பாலைவனம் தாண்டி ஜோர்தானுக்குப் போய், முகாமில் கிடந்து, விமானத்தில் வந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்திலும் அப்படி இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரையும் நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

பிறகு ஐக்கிய நாடுகள் சபை, நட்டஈட்டு ஆணைக்குழு ஒன்றை ஜெனிவாவில் 1991இல் அமைத்தது. அந்தப் போரினால் 1990 ஆகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேறியவருக்கு ஒரு நிலையான தொகை கொடுத்தார்கள். தனி ஆளுக்கு 2,500 அல்லது 4,000 அமெரிக்க டொலர். அரசாங்கத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே இருந்ததற்கும் எப்போது வெளியேறினோம் என்பதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

முதலாவது ராத்தாவின் உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் மகள் போன அன்றைக்கே கடவுச்சீட்டின் போட்டோ பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, வந்த கடிதங்களின் உறை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடி வைத்திருந்தார். அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டுதான் விண்ணப்பம் எழுதப் போனார்கள். காசு வர வருடக்கணக்கானது. வந்தது. அந்தக் காசில் கட்டிய இரண்டு அறை இன்றைக்கும் கனமூலையில் இருக்கிறது.

இரண்டாவது ராத்தா வேறொருத்தியின் பெயரில் உள்ள கடவுச்சீட்டில் போனவர். போனவர் யார், வந்தவர் யார் என்று அவரால் காட்ட முடியவில்லை. இருவரும் பட்டது ஒரே கஷ்டம். நடந்தது ஒரே பாலைவனம். “அந்த வெயில்ல நடந்தது என்ட கால்தானே, அது பொய்யா?” என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல ஊரில் ஆளில்லை.

ஆகவே புறப்படுமுன் மூன்று பிரதி எடுங்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், பணியகப் பதிவு, முகவரின் முகவரி, எஜமானின் தொலைபேசி இலக்கம். ஒன்று வீட்டில், ஒன்று நம்பிக்கையான உறவினரிடம், ஒன்று போகிறவரின் பைக்குள். இந்தக் காலத்தில் போனிலும் படம் எடுத்து வைக்கலாம். ஆனாலும் போனைப் பறித்துக்கொண்டால் என்ன செய்வது? கடதாசியிலும் வையுங்கள். கடவுச்சீட்டு இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். கடவுச்சீட்டு உங்களுடையது. எஜமான் அதை வாங்கி வைப்பது பல வளைகுடா நாடுகளில் சட்டத்துக்கு விரோதம். இருந்தும் வாங்கி வைக்கிறார்கள் என்பதால்தான் இலக்கம் மனதில் இருக்க வேண்டும்.

கொடுமை தாங்க முடியாமல் வீட்டை விட்டு வெளியேறும் நிலை வந்தால், தெரியாதவர் வீட்டுக்குப் போகாமல் நேரே இலங்கைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஓடிப்போய்விட்டார் என்று எஜமான் பொலிசில் எழுதினால் அங்கே நாம் சட்ட விரோத ஆளாகிவிடுவோம். தூதரகத்தின் முகவரியும் இலக்கமும் முதல் நாளிலிருந்தே கையில் இருக்க வேண்டும்.

பாடம் 6: பெட்டியும் உடம்பும்

நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே கம்பளி போர்த்தி வளர்ந்த பிள்ளை, கோடையில் 45 பாகைக்கு மேல் கொதிக்கும் நாட்டுக்குப் போகிறது. மலையில் தாகம் எடுக்காது, அங்கே தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அடிக்கடி தண்ணீர் குடிக்கப் பழக வேண்டும். மருத்துவப் பரிசோதனையை, வளைகுடா நாடுகள் ஏற்றுக்கொண்ட நிலையத்தில் செய்ய வேண்டும். இருக்கிற நோயை மறைக்காதீர்கள். அங்கே போய்த் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை சில. கசகசா நம் கறிச் சாமான். ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதியிலும் அது தடை. வெற்றிலைக்கும் டுபாய் சுங்கத்தில் தடை உண்டு. ஆகவே வெற்றிலை, பாக்கு, புகையிலையை இங்கேயே நிறுத்திவிட்டுப் போங்கள். ட்ரமடோல், கொடெயின் கலந்த வலி மாத்திரைகள் ஆபத்து. எந்த மருந்து கொண்டுபோனாலும் டொக்டரின் துண்டோடும், மருந்தின் உறையோடும் கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “அங்க என் அண்ணன்கிட்ட குடுத்துடும்மா” என்று வேறு ஆள் தரும் பார்சலை வாங்காதீர்கள். அதற்குள் போதைப்பொருள் இருந்தால் குற்றவாளி நீங்கள்தான். சவூதியில் போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனைகூட உண்டு.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஹட்டன், பதுளைப் பக்கத்தவர்கள் மழை, மண்சரிவை நினைத்து முந்திய நாளே இறங்குவது நல்லது. முதலில் பெட்டியைக் கொடுத்து, ஏறும் சீட்டை வாங்க வேண்டும். பிறகு குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டில் முத்திரை குத்துவார். பிறகு உடம்பையும் கைப்பையையும் சோதிப்பார்கள். கைப்பையில் கத்தி, கத்தரிக்கோல் வைக்க முடியாது. எண்ணெய், ஷம்பு போன்றவை 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது. போன் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். வழி தெரியாவிட்டால் சீருடை போட்டவரிடம் கேளுங்கள். முதல் பயணத்தில் எல்லோரும் அப்படிக் கேட்டுத்தான் போகிறார்கள்.

நேரமும் மாறும். நம் நாட்டில் மாலை 7 மணி என்றால் சவூதி, குவைத், கட்டாரில் 4.30. ஐக்கிய அரபு இராச்சியம், ஓமானில் 5.30. வீட்டிலிருந்து போன் எடுக்கிறவர்கள் இதை ஞாபகம் வையுங்கள்.

பணியகத்தின் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். சலவை இயந்திரம், மின் அடுப்பு, இஸ்திரிக்கை எல்லாம் இங்கேயே தொட்டுப் பழக வேண்டும். அரபியும் கொஞ்சம் சொல்லித் தருவார்கள். அதற்கு முன்பே இந்த ஐந்து சொல்லையும் பாடமாக்குங்கள். மாய் என்றால் தண்ணீர். ராத்திப் என்றால் சம்பளம். ஜவாஸ் என்றால் கடவுச்சீட்டு. ஸஃபாரா என்றால் தூதரகம். அனா மரீழா என்றால், எனக்குச் சுகமில்லை.

பாடம் 7: வீட்டில் இருப்பவர்கள்

போகிறவர் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். வீட்டுச் செலவுக்கு அனுப்புவது வேறு, தன் சேமிப்பு வேறு. இரண்டு வருடம் உழைத்துவிட்டு வந்து, “கணக்குல என்ன இருக்கு?” என்று புருஷனிடம் கேட்டுச் சண்டை பிடித்தவர்களை இந்த அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் பதிவிலுள்ளவர் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அலுவலகத்தில் எழுத்தில் அறிவியுங்கள். லயக் காம்பராவுக்காக வீட்டில் ஒருவராவது பேர் போட வேண்டும் என்று கேட்கும் தோட்டங்கள் உண்டு. அதைப் புறப்படுமுன் பேசி முடியுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் நிர்வாகம் போட்ட 12 வீதமும் உங்கள் பெயரில் இருக்கிறது. அங்கத்துவ இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அந்தப் பதிவிலும் பெயர் சரியா என்று பாருங்கள்.

பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று போகிற அன்று முடிவு செய்யக் கூடாது. பார்க்கப் போகிறவரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். பள்ளிக்கூட அதிபரிடமும் பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக

முதலில் சொன்ன தாயும் மகளும் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார்கள். முன்பணத்தில் மீதமிருந்ததோடு சித்தியின் சீட்டுக் காசையும் சேர்த்து, ஐம்பதாயிரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏஜென்ட் கொஞ்சம் சத்தம் போட்டாராம். பக்கத்து லயத்து ஆட்களும் கூட நின்றதால் காசை எண்ணி வாங்கிக்கொண்டு, கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூரைத் தகரத்துக்குப் பட்ட கடன் இன்னும் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

பெயர் திருத்தும் விண்ணப்பத்தை மகளே தன் கையால் நிரப்பினாள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். 21 வயது வர இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் தையல் படிக்கப் போவதாகச் சொன்னாள். “அப்புறமும் போகணும்னு தோணினா போவேன் ஐயா. ஆனா என் பேர்லதான் போவேன்” என்றாள்.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து பதில் எழுதுங்கள்.

1. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூடப் பத்திரம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?
2. அடையாள அட்டை இலக்கத்தில் உள்ள பிறந்த நாளும் பிறப்புச் சான்றிதழில் உள்ள நாளும் பொருந்துகிறதா?
3. உங்களிடம் பேசிய முகவரின் உரிம இலக்கம் என்ன? 1989இல் கேட்டீர்களா?
4. விசா என்ன வகை? ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு?
5. உங்கள் வீட்டு பிஸ்கட் தகரம் எங்கே? அதற்குள் என்ன இருக்கிறது?

ஐந்துக்கும் பதில் எழுத முடிந்தால் பயணத்துக்கு முதல் அடி வைத்துவிட்டீர்கள். எழுத முடியாவிட்டால், எந்த நாளும் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். கடதாசிகளைக் கட்டாயம் கையோடு கொண்டுவாருங்கள்.